அலமாரி செய்யப் பழகுகிறீர்களா? துளை ஜிக் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை

அலமாரியின் பக்கப் பலகையில் வரிசையாகத் துளை போடுவது பார்க்க எளிது. கையில் எடுத்தால்தான் தெரியும், ஒரே ஒரு துளை ஒன்றரை மி.மீ. தள்ளிப்போனாலும் தட்டு ஆடும். அந்தச் சமயத்தில்தான் பலரும் துளை ஜிக், அதாவது டிரில் பிட்டைச் சரியான இடத்தில் வழிநடத்தும் அச்சு, வாங்க நினைக்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் டிரில்லையும் ஒரு துண்டு ப்ளைவுட்டையும் வைத்தே முடிவு செய்துவிடலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஜிக் என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தட்டு தாங்கும் பின்களுக்கு மட்டும் துளை போடும் சின்ன ஜிக். மற்றொன்று, '32 மி.மீ. முறை' என்ற முழு ஏற்பாடு. இதில் துளையின் விட்டம் 5 மி.மீ., ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 32 மி.மீ., பலகையின் முன் விளிம்பிலிருந்து வரிசைக்கு உள்ள தூரம் 37 மி.மீ. தொழிற்சாலைகளில் பல துளைகளை ஒரே அழுத்தில் போடும் இயந்திரங்களோடு வளர்ந்த அளவு இது. ஹிஞ்ச், டிராயர் சேனல் செய்பவர்களும் இதையே பின்பற்றியதால் ஒரே துளை வரிசையில் தட்டு பின், ஹிஞ்ச் பிளேட் (ஹிஞ்சைப் பெட்டியில் பிடிக்கும் தகடு), சேனல் மூன்றையும் பொருத்த முடிகிறது. இந்த முறையின் பலன் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் முழு ஏற்பாடும் தேவையில்லை.

படி 1: என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

அடுத்து செய்ய நினைக்கும் மூன்று நான்கு வேலைகளைத் தாளில் எழுதுங்கள். புத்தக அலமாரி ஒன்றுதான் என்றால், பெரும்பாலான தட்டுகளை நிலையாகப் பொருத்திவிடுவதே நல்லது. பெட்டிக்கு உறுதி கிடைக்கும். ஏற்றி இறக்கும் தட்டு ஒன்றிரண்டு இருந்தால், அவை வரக்கூடிய உயரத்தைச் சுற்றி ஐந்தாறு துளைகள் போதும். மேலிருந்து கீழ்வரை துளையாகப் போட்டு வைத்தால் அழகும் கெடும்.

முன்பக்கத்தில் மரச்சட்டம் வைத்துச் செய்யும் அலமாரி என்றால் ஹிஞ்ச் அந்தச் சட்டத்தில் போய்விடும். சேனலுக்கும் உள்ளே கட்டை கொடுத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும். ஆகவே அங்கேயும் தட்டு பின்களுக்கான துளைதான் மிச்சம். சட்டமில்லாத பெட்டி, அதிலும் டிராயரும் கதவும் உள்ள சமையலறைப் பெட்டிகள் நாலைந்து வரிசையாகச் செய்யப்போகிறீர்கள் என்றால்தான் 32 முறை தன் விலைக்கு நியாயம் செய்யும்.

படி 2: ஹிஞ்சையும் சேனலையும் அளந்து பாருங்கள்

ஜிக்கைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் பயன்படுத்தப்போகும் பொருள்களை மேசையில் வையுங்கள். ஹிஞ்ச் பிளேட்டின் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு நடுவே 32 மி.மீ. இருக்கிறதா? சேனலை அதற்குரிய இடத்தில் வைத்தால் முன் ஓட்டை ஒன்று விளிம்பிலிருந்து 37 மி.மீ.-ல் விழுகிறதா? பின்னாலுள்ள ஓட்டை அதிலிருந்து 32-இன் மடங்கில் வருகிறதா? பொருந்தவில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த ஜிக்கும் உதவாது.

கதவு பெட்டிக்குள் அடங்கி நிற்கும் வடிவம் என்றால் 37-உடன் கதவின் தடிமனையும் கூட்ட வேண்டும். 18 மி.மீ. கதவுக்கு அது 55 மி.மீ. ஆகும். தட்டு பின்களையும் அளந்துகொள்ளுங்கள். 5 மி.மீ. பின்னும் உண்டு, கால் அங்குலப் பின்னும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; ஒன்றின் துளையில் மற்றது நிற்காது.

படி 3: பலகை சரியாக அறுபட்டிருக்கிறதா?

ஜிக் எப்போதும் பலகையின் விளிம்பைப் பிடித்தே அளக்கிறது. விளிம்பு கோணலாக இருந்தால் துளை வரிசையும் கோணலாகவே வரும். இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்து நிறுத்தி, மேல் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். மேடு தட்டக் கூடாது. பிறகு மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இது சரியாக வரவில்லை என்றால் ஜிக்குக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல ரம்பத் தகடுக்கும் அறுக்கும் வழிகாட்டிக்கும் செலவிடுங்கள். நான் உறுதியாகச் சொல்லும் ஆலோசனை இது.

படி 4: சொந்தமாக ஒரு வார்ப்பலகை

வார்ப்பலகை என்பது துளைகளை முன்பே போட்டு வைத்து, அவற்றின் வழியே பிட்டை விடும் பலகை. 12 அல்லது 18 மி.மீ. ப்ளைவுட்டில் சுமார் 400 மி.மீ. நீளத் துண்டு எடுங்கள். நேரான விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி நீளவாக்கில் கோடு போடுங்கள். அதில் துளை இடங்களைக் குறிக்கும்போது ஒவ்வொரு 32-ஆகத் தாண்டித் தாண்டிப் போகாதீர்கள். டேப்பை ஒரு முனையில் வைத்து 32, 64, 96, 128, 160 என்று ஒரே மூச்சில் குறியுங்கள். தாண்டிப் போனால் ஒவ்வொரு தாண்டலிலும் சிறு பிழை சேரும், 0.2 மி.மீ. பிழை பத்து தாண்டலில் 2 மி.மீ. ஆகிவிடும்.

நிற்கும் டிரில் (தாங்கியில் பொருத்திய டிரில்) கிடைத்தால் அதில் துளையுங்கள், நேராக வரும். பிறகு 37 அளந்த அந்த விளிம்பில் ஒரு சட்டத்தை ஒட்டுங்கள். சட்டம் வார்ப்பலகையின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் புரட்டிப் போட்டு இடப் பலகைக்கும் வலப் பலகைக்கும் பயன்படுத்தலாம். 'கீழ்' என்று ஒரு முனையில் இரண்டு பக்கமும் எழுதிவிடுங்கள்.

நடுவில் கூர்முனை உள்ள மர டிரில் பிட்தான் வேண்டும். சாதாரண முறுக்கு பிட் லாமினேட்டையும் வெனீரையும் பிய்த்துவிடும். ஆழம் 18 மி.மீ. பலகையில் 10 முதல் 12 மி.மீ. போதும். வார்ப்பலகையின் தடிமனையும் கூட்டி பிட்டில் நிறுத்து வளையம் மாட்டுங்கள். டேப் சுற்றி அடையாளம் வைப்பது ஆபத்து, அது வழுக்கி மேலேறினால் பலகையின் மறுபக்கம் ஓட்டை விழும்.

படி 5: கழிவுப் பலகையில் ஒரு ஜோடி

பழைய பலகைகள் இரண்டை ஒரே உயரத்தில் அறுத்து, இரண்டிலும் முன் வரிசை, பின் வரிசை போடுங்கள். பின் வரிசைக்குப் பின் விளிம்பிலிருந்து அதே 37 மி.மீ. எல்லா வரிசையும் கீழ் விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வார்ப்பலகையில் சிறு பிழை இருந்தாலும் நான்கு வரிசையிலும் அதே பிழை அதே இடத்தில் வரும், தட்டு ஆடாது. ஒரு பலகையைக் கீழிருந்தும் மற்றதை மேலிருந்தும் தொடங்கினால் பிழை எதிரெதிராகிவிடும்.

வார்ப்பலகையை மேலே நகர்த்தும்போது, போட்ட கடைசித் துளையில் ஒரு 5 மி.மீ. பிட்டைச் செருகி, வார்ப்பலகையின் முதல் துளையை அதில் மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் பலகைகளை நிறுத்தி, நான்கு பின் வைத்து, நேரான ஒரு தட்டை ஏற்றி மூலைகளை அழுத்திப் பாருங்கள். கீழ்த்துளைகளிலும் உச்சித்துளைகளிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

படி 6: இப்போது முடிவு

தட்டு அசையாமல் நின்றதா? வருடத்துக்கு ஓரிரு அலமாரி செய்பவருக்கு இந்த வார்ப்பலகையே போதும். துளைகள் தேய்ந்து பெரிதானால் வேறொன்று செய்துகொள்ளலாம்.

தட்டு லேசாக ஆடினாலோ, வார்ப்பலகைத் துளைகள் சீக்கிரம் தேய்ந்தாலோ, பிட் நுழையும் உலோகக் குழல் பதித்த சின்ன ஜிக் வாங்குங்கள். ஆரம்பநிலையில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கருத்து.

32 முறைக்கான முழு ஏற்பாடு, அதாவது ரௌட்டரை (வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கருவி) நகர்த்தித் துளை போடும் நீளமான ரெயில், வேறு விஷயம். துளை சுத்தமாகவும் செங்குத்தாகவும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் முழுப்பயனைப் பெற, பெட்டியின் அளவையே 32-ஐ ஒட்டித் திட்டமிட வேண்டும். முதல் துளையும் கடைசித் துளையும் விளிம்பிலிருந்து 9 மி.மீ.-ல் இருக்கட்டும் என்று வைத்தால், 22 இடைவெளிக்கு 704, அதோடு 18, ஆக உயரம் 722 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு 37-உடன் 15 இடைவெளி, அதாவது 74-உம் 480-உம் சேர்த்து 554 மி.மீ. இப்படி அறுத்தால் பலகையை எப்படித் திருப்பினாலும் துளைகள் பொருந்தும். இந்தக் கணக்கைப் போட்டுப் பெட்டி வரையும் ஆர்வம் இருந்தால் வாங்குங்கள். சுவரின் இடத்துக்கேற்ப ஒவ்வொன்றையும் வேறு அளவில் செய்பவர் என்றால் அவ்வளவு செலவு வேண்டாம்.

கதவுகள் அதிகம் செய்பவர்கள் ரெயிலைவிட ஹிஞ்ச் கப் ஜிக்கை (ஹிஞ்சின் வட்டக் கிண்ணம் உட்காரும் குழியைக் கதவில் குடைய உதவும் ஜிக்) முதலில் யோசிக்கலாம். ஆட்டோ ஹிஞ்சின் கப் 35 மி.மீ. விட்டம், கதவு விளிம்பிலிருந்து 5 மி.மீ. விட்டுக் குடைவதானால் மையம் 22.5 மி.மீ.-ல் வரும். கை டிரில்லில் இவ்வளவு பெரிய பிட் எளிதில் சாயும், 18 மி.மீ. கதவில் 12 முதல் 13 மி.மீ. ஆழம் போவதால் சாய்ந்தால் கதவு போச்சு. நிற்கும் டிரில் இருப்பவர்களுக்கு இந்த ஜிக்கும் வேண்டாம், பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வைத்தால் போதும்.

சின்ன ஜிக் வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள்: குழல் 5 மி.மீ. தானா, விளிம்புத் தடுப்பை 37-க்கு வைக்க முடிகிறதா, நகர்த்தும்போது மாட்டும் பின், துளைக்குள் ஆடாமல் உட்காருகிறதா. வாங்கி வந்ததும் படி 5-இல் செய்த அதே கழிவுப் பலகைச் சோதனையை அதற்கும் வையுங்கள். தட்டு ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.