ப்ரூஃப் காப்பியும் பறிபோன பெயரும்: புத்தகக் கண்காட்சிக்குப் போகும் பதிவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஜோகன்னஸ்பர்க் புத்தகக் கண்காட்சியில் போன தடவை ஒரு தம்பியைச் சந்தித்தேன். மிட்ராண்டில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு வருஷமாகத் தமிழில் புத்தக மதிப்புரை எழுதிவருகிறார். ஒரு பதிப்பக ஸ்டாலில் கொடுத்த ப்ரூஃப் காப்பியை, அதாவது புத்தகம் வெளிவருமுன் படிக்கத் தரும் திருத்தம் முடியாத பிரதியை, நின்ற இடத்திலேயே விரித்து, ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அக்கா, இவ்வளவு பெரிய பதிப்பகம், முதல் அத்தியாயத்துலயே ரெண்டு பிழை பாருங்க. இப்பவே போட்டுரலாம்னு இருக்கேன்."

அவர் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். பல வருஷங்களுக்கு முன்னால் நான் இதையேதான் செய்தேன். அன்றைக்கு என் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

டர்பனில் இருந்துகொண்டு தென்னாப்பிரிக்கப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கி பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. வசதியான செருப்பு போடுங்கள், சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்வார்.

விழாவையும் வணிகக் கண்காட்சியையும் ஒன்றென்று நினைப்பது

டர்பனில் 1998இலிருந்து நடக்கும் 'டைம் ஆஃப் தி ரைட்டர்', கேப் டவுன் பக்கத்தில் 2007இல் தொடங்கிய ஃபிரான்ஸ்ஹூக் விழா, இவையெல்லாம் இலக்கிய விழாக்கள். எழுத்தாளர் வாசகருக்காக வருகிறார். டிக்கெட் வாங்கினால் உட்கார்ந்து கேட்கலாம், முடிந்ததும் கையெழுத்து வாங்கலாம், மனம்விட்டுப் பேசலாம்.

வணிகக் கண்காட்சி அப்படியில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் நாட்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. உரிமை வாங்குபவர், விற்பவர், கடைக்காரர், நூலகர் எல்லாரும் அரை மணிக்கு ஒரு சந்திப்பு என்று மாதக்கணக்கில் முன்பே நேரம் குறித்துவிட்டு வருவார்கள். 2006இல் ஃபிராங்க்ஃபர்ட்டோடு கைகோத்துத் தொடங்கிய கேப் டவுன் கண்காட்சி இந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. நம் ஊர்க் கண்காட்சிகளில் இப்போதும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அதனால் முதலில் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். எது வியாபார நேரம், எது பொதுமக்கள் நேரம் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அவமானத்திலிருந்து தப்பலாம்.

யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவது

ஸ்டாலில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வேலை செய்பவர்கள் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு உரிமை விற்பவரிடம் போய் மதிப்புரைப் பிரதி கேட்டால் அவர் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். நமக்கு வேண்டியவர் விளம்பரப் பிரிவில் இருப்பவர், அதாவது பப்ளிசிஸ்ட். பெயரும் மின்னஞ்சலும் பதிப்பகத்தின் தளத்திலேயே பெரும்பாலும் இருக்கும். இரண்டு வாரம் முன்னால் ஒரு மெயில் போட்டு, "பத்து நிமிஷம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

விசிட்டிங் கார்டு வாங்கினால் அதன் பின்புறத்தில் அங்கேயே எழுதுங்கள்: என்ன பேசினோம், எந்தப் புத்தகம், என்ன தருவதாகச் சொன்னார். ராத்திரி அறைக்கு வந்து முப்பது கார்டுகளைக் கட்டிலில் பரப்பினால் ஒரு முகம்கூட ஞாபகம் வராது.

ப்ரூஃப் காப்பியைப் புத்தகம் என்று நினைப்பது

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

ஒரு நாவல் கடைக்கு வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே, சில சமயம் ஆறு மாதம் முன்பே, சாதாரண அட்டையில் கொஞ்சம் பிரதிகள் அடிக்கிறார்கள். பத்திரிகைகள் மதிப்புரைக்கு இடம் ஒதுக்க வேண்டும், கடைக்காரர் எத்தனை பிரதி எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அதற்கு அவர்கள் முன்கூட்டியே படித்தாக வேண்டும். மெய்ப்புத் திருத்தம் முடியும்வரை அவர்களைக் காக்கவைத்தால் காலம் போய்விடும். ஆகவே இந்தப் பக்கம் பிரதி போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் திருத்தம் நடந்துகொண்டிருக்கும். நம் கைக்கு வருவது வேலை முடியாத பிரதி. பக்க எண் மாறும். நன்றியுரை இருக்காது. ஒரு அத்தியாயமே காணாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். 'திருத்தப்படாதது, விற்பனைக்கு அல்ல, மேற்கோள் காட்டுமுன் அச்சான நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்' என்ற பொருளில் அட்டையிலோ முதல் பக்கத்திலோ ஒரு வாசகம் இருக்கும். இன்ன தேதிக்கு முன்னால் எதுவும் எழுதக் கூடாது என்ற தடை இருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும்.

எனக்கு அன்று கிடைத்தது ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய ஒரு நாவல். இந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் இப்படி நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இருக்கிறார்கள். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், நாயுடு நைடூ ஆனார். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் கோயிலில் பாடும் பாட்டோடு நின்றுவிட்டது. தங்கள் முன்னோர் பேசிய ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் தெரிந்துகொள்வதே இந்த மாதிரி ஆங்கில நாவல்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொல்விளக்கத்தைப் பார்த்துத்தான்.

அந்தச் சொல்விளக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டினேன். நாவலில் கரும்புத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில் ஒரு பெண்ணின் கணவன் இறந்துவிடுகிறான். பதினைந்து நாளில் அவள் கழுத்திலிருந்து தாலியை இறக்குகிறார்கள். நல்ல பக்கம் அது, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். பின்னால் போய்ப் பார்த்தால், 'தாலி: உலோகத்தாலான சாப்பாட்டுத் தட்டு' என்று இருக்கிறது. இந்திச் சொல்லின் அர்த்தத்தை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வரி தள்ளி, காவடி என்பது தீ மிதிக்கும் திருவிழா என்று இருந்தது. டர்பனில் காவடி பார்த்து வளர்ந்த குழந்தைக்குக்கூட அது வேறு, தீமிதி வேறு என்று தெரியும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று ராத்திரியே ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வார்த்தை எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். காலையில் எழுந்தபோது ஃபீனிக்ஸிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வரை வாட்ஸ்அப்பில் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருந்தது. பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. திட்டவில்லை. "பிரதியின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கடிதத்தை நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறோம்" என்று மட்டும் இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் எழுதிய கடிதம். அவருடைய கொள்ளுப்பாட்டி வட ஆற்காட்டிலிருந்து கப்பல் ஏறியவர். தனக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் சொல்லித்தர யாரும் மிச்சம் இல்லை, இந்தப் பிரதியைப் படிப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் பிழைகளைச் சொல்லுங்கள், அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். ஒரு தேதியும் கொடுத்திருந்தார். அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தமிழ் தெரிந்த ஒரு ஆளை அவர் தேடிக்கொண்டிருந்தார். பிரதி சரியாக என் கைக்குத்தான் வந்தது. நான் செய்தது அது.

பதிவை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு வேறு பதிவு போட்டேன். அதை நாற்பது பேர் படித்திருந்தால் அதிகம். வாட்ஸ்அப்பில் போன படம் திரும்பி வராது. அச்சில் வந்த புத்தகத்தில் தாலி, காவடி இரண்டும் சரியாக இருந்தன. நன்றியுரையில் டொங்காட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் பெயர் இருந்தது. ஆனால் டர்பனில் வெளியீட்டுக் கூட்டத்தில் முதல் கேள்வியே "தாலியைத் தட்டு என்று எழுதிவிட்டீர்களாமே?" என்பதுதான். கேட்டவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் நிதானமாகத்தான் பதில் சொன்னார், அவர் குரல் மட்டும் மாறிவிட்டது. அந்தப் பதிப்பகம் இரண்டு வருஷம் எனக்கு எதுவும் அனுப்பவில்லை. அது எனக்குச் சின்ன நஷ்டம்.

இன்றைக்கும் கண்காட்சிக் கூடத்தில் யாராவது ப்ரூஃபின் உள்பக்கத்தைப் படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஸ்டாலை விட்டு நகருமுன் அட்டையையும் முதல் மூன்று பக்கங்களையும் படியுங்கள். வெளியீட்டுத் தேதியை, தடைத் தேதி இருந்தால் அதையும், பென்சிலால் அட்டையின் உள்பக்கத்தில் குறித்துவையுங்கள். அட்டையைப் படம் எடுத்துப் போடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். உள்பக்கத்தைத் தொடாதீர்கள். பிழை கண்டால் பக்க எண்ணோடு பப்ளிசிஸ்ட்டுக்கு மெயில் போடுங்கள், தமிழ்ச் சொல் சம்பந்தப்பட்டது என்றால் அன்றைக்கே. மேற்கோள் காட்ட வேண்டுமானால் அச்சான பிரதி வரும்வரை காத்திருங்கள், அல்லது இறுதி வடிவத்தின் பி.டி.எஃப் கேளுங்கள். அச்சில் வந்த பிறகும் தாலி தட்டாகவே இருந்தால் அப்போது எழுதுங்கள், தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

அந்தத் தம்பியும் நானும் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தோம். புத்தகம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. படத்தை அழித்தார். பிறகு ஸ்டாலுக்குத் திரும்பிப் போய், தான் கண்ட இரண்டு பிழையையும் அங்கிருந்த பெண்ணிடம் காட்டினார். அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"எல்லாப் புத்தகத்துக்கும் மதிப்புரை எழுதறேன்" என்பது

சொல்லாதீர்கள்.

தமிழில் எழுதுவதை மறைப்பது

நம்மவர்கள் நிறையப் பேர் "புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மொழியைக் கேட்டால்தான் தயங்கித் தயங்கித் தமிழ் என்கிறார்கள். முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இது பன்னிரண்டு ஆட்சிமொழிகள் உள்ள நாடு, 2023இல் சைகை மொழியும் சேர்ந்தது. ஆட்சிமொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஜூலு மொழியிலும் கோசா மொழியிலும் புத்தகம் போட்டு, வாசகரைத் தேடித் தேடி விற்கும் சின்னப் பதிப்பாளர்களுக்கு நம் நிலைமை சொல்லாமலே புரியும். என் நல்ல உரையாடல்கள் எல்லாம் கூடத்தின் ஓரத்தில் ஒற்றை மேஜை போட்டிருக்கும் அவர்களோடுதான் நடந்திருக்கின்றன. பெரிய ஸ்டால்களில் வரிசையில் நின்று நாளைத் தொலைத்துவிட்டு அவர்களிடம் போகாமல் திரும்புவது பெரிய இழப்பு.

கிடைத்ததையெல்லாம் அள்ளுவது

இங்கே புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட் உண்டு. விலையைப் பார்த்தால் இலவசப் பிரதிமேல் கை போவது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு ஸ்டாலில் இருபது ப்ரூஃப்தான் இருக்கும். நீங்கள் படிக்காமல் அடுக்கி வைக்கப்போகும் ஒன்று, பள்ளி நூலகத்துக்கு வாங்கவந்த டீச்சருக்குப் போயிருக்க வேண்டியது. டர்பனுக்கு விமானத்தில் திரும்பும்போது கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தில் இரண்டு புத்தகம் வாங்கலாம். மின்பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். நெட்கேலி என்ற இணையதளத்தில் நிறையக் கிடைக்கிறது.

ப்ரூஃபை விற்பது

கூடவே கூடாது. பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் உங்களுக்குக் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி நேரத்தில் உரை நிகழ்த்துவது

ஒரு கேள்வி. ஒரு வாக்கியம். உட்காருங்கள்.

திரும்பி வந்த பிறகு சும்மா இருப்பது

ஒரு வாரத்துக்குள் நன்றி மெயில் போடுங்கள், பேசிய புத்தகத்தின் பெயரைக் குறிப்பிட்டு. மதிப்புரை வெளியானதும் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள், தமிழ் எழுத்து அவர்களுக்கு வெறும் கோலம் மாதிரித்தான் தெரியும். என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி சேர்த்து எழுதுங்கள், குறை சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துத்தான். எத்தனை பேர் படித்தார்கள், எந்த ஊர்களிலிருந்து படித்தார்கள் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தப் புத்தகத்தை ஒருவர் தேடினார் என்பது ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பப்ளிசிஸ்ட்டுக்கு வேறு வழியில் தெரியவராது. அடுத்த பட்டியல் தயாராகும்போது அவர் அந்த மெயிலைத்தான் திறந்து பார்க்கிறார்.