எலும்பு காய்ந்த குச்சி அல்ல: நாம் செய்யும் சில தவறுகள்

எலும்பு என்றதும் மனதில் வருவது வெளுத்துக் காய்ந்த கூடுதான். நமக்குள் இருப்பதோ ரத்தம் ஓடும் உயிருள்ள எலும்பு. அதன் மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பிறக்கின்றன. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. சுமை தாங்கினால் எலும்பு கெட்டிப்படும், தாங்காவிட்டால் கரையும். விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே, "நடந்தா எலும்பு தேஞ்சிடும்" என்று பாட்டியை நாற்காலியிலேயே உட்கார வைப்பது அன்பால் செய்கிற தவறு.

தசை தள்ளும் என்று நினைப்பது அடுத்தது. மேஜைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல்கையின் முன்பக்கத் தசை கல்லாக இறுகும். அதே கையை மேஜைமேல் வைத்து அழுத்துங்கள், இப்போது பின்பக்கத் தசை இறுகும். தசைக்குச் சுருங்கி இழுக்க மட்டுமே தெரியும். கதவைத் தள்ளும்போதும் உள்ளே ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த இழுவைக் கணக்கு புரியாததால்தான் பலருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. நிறைந்த சமையல் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. குனிந்து கையை நீட்டித் தூக்கினால் சுமை முதுகெலும்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும். அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பை ஒட்டியே இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி அந்தத் தசை சிலிண்டர் எடையைப்போல் பல மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் மேல் இறங்கும். முடிந்தால் இருவராகத் தூக்குங்கள். இல்லாவிட்டால் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து எழுந்திருங்கள்.

அடிபட்டு வீங்கிய இடத்தை எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே எலும்பு உடைந்திருந்தால் அதன் முனை நரம்பையோ ரத்தக்குழாயையோ கிழித்துவிடலாம். அசையாமல் கட்டி எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள்.

என்னை மிகவும் பதறவைப்பது சாலையோரத்தில் தினமும் பார்க்கும் காட்சி. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சின்னக் குழந்தையை ஒற்றைக் கையைப் பிடித்து விசுக்கென்று தூக்குகிறார்கள். அந்த வயதில் முழங்கை மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் வளையம் இறுகியிருக்காது. இழுத்த வேகத்தில் எலும்பின் தலை அதிலிருந்து நழுவிவிடும். குழந்தை கையைத் தொங்கப்போட்டு, அசைக்க மறுத்து அழும். அப்போது நீங்களே இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கும்போது இரு கைகளையும் அக்குளில் கொடுத்துத் தூக்குங்கள்.