தீவுக்கு எழுதிய சூத்திரம் காவிரி வண்டலுக்குப் பொருந்துமா?

எரிமலைத் தீவின் அரிப்பை ஆராய்பவர்களுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஹவாயில் பெரும்பாலும் ஒரே வகைத் தாய்ப்பாறைதான் (மண் எதிலிருந்து உண்டானதோ அந்தப் பாறை): எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். மழையில் அதிலுள்ள சோடியமும் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து ஓடிவிடும். டைட்டானியம், நயோபியம் போன்றவை பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். தங்கியதன் செறிவு பாறையில் இருந்ததைப்போல் இரு மடங்கு என்றால், பாறை சிதைந்து அதன் எடையில் பாதி கரைந்து போயிற்று என்று கணக்கு. இதுதான் தீவுக்கு எழுதிய சூத்திரம். அங்கேகூட ஒரு சிக்கல்: பசால்ட்டில் குவார்ட்ஸ் என்ற தாது (சாதாரண மணலில் நிறைய இருப்பது) கிடையாது, ஆனால் ஹவாய் மண்ணில் இருக்கிறது. ஆசியாவிலிருந்து காற்றில் வந்த தூசி அது.

கடல் நடுவிலேயே இந்தக் கலப்பு என்றால், தஞ்சாவூர் வண்டலை என்னவென்று சொல்வது! தலைக்காவிரியிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று பல பாறைகளைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. பாடநூலிலிருந்து ஏதோ ஒரு பாறையின் அளவை எடுத்துத் தாய்ப்பாறை என்று போட்டுவிடுவதுதான் முதல் தவறு. பவானி, அமராவதி உள்ளிட்ட கிளையாறுகளின் மணலைத் தனித்தனியே அளந்து, அவற்றின் கலவையாக டெல்டா மண்ணைப் பார்ப்பதே சரி. அணைகளையும் மறக்கக் கூடாது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இன்றைய கொள்ளிடத்து மணலை ஒட்டுமொத்தக் காவிரிப் படுகையின் சாட்சியாக நிறுத்த முடியாது.

என் கணிப்பில் அதிகம் பேர் விழும் குழி துகள் அளவு. முறத்தில் புடைப்பதுபோல் ஆறும் கனமானதையும் இலேசானதையும் பிரித்துவிடுகிறது. மணல் திட்டில் ஓடும் கருங்கோடுகளைக் கவனித்திருப்பீர்கள். இல்மனைட் போன்ற கனத்த தாதுக்கள் ஒதுங்கும் இடம் அது. இல்மனைட்டில் டைட்டானியம் உண்டு. சிர்க்கான் என்ற தாதுவும் அங்கேதான் சேரும், அதனுள் சிர்கோனியம்; அதுவும் கரையாமல் தங்கும் வகை. அந்தக் கோட்டில் ஒரு கை அள்ளினால் 'பாறை முற்றிலும் சிதைந்துவிட்டது' என்று கணக்கு சொல்லும். பாறைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாய்க்கால் களியை ஆற்று மணலோடு ஒப்பிடுவதும் இதே கூத்துதான். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் அள்ளிக் கலந்து, சலித்து, ஒரே அளவுத் துகள்களை மட்டும் ஒப்பிடுங்கள். நுண்துகளுக்கு 63 மைக்ரான் சல்லடை வழக்கம்.

வயல் மண்ணை எடுப்பவர்கள் உழவர்களிடம் பேசாமல் எடுக்கிறார்கள். பொட்டாஷ் உரம் பொட்டாசியத்தையும், ஜிப்சமும் சூப்பர் பாஸ்பேட்டும் கால்சியத்தையும் கூட்டியிருக்கும். ஏரி தூர்வாரிய வண்டலை வண்டி வண்டியாகக் கொட்டிய வயலும் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலுப்பு ஏறிய நிலத்தில் சோடியம் மிகும்; அதைப் பார்த்துவிட்டு 'சிதைவு குறைவு' என்று எழுதிவிடுவார்கள். சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த மண்ணில் கால்சியமும் அப்படியே ஏமாற்றும். உப்பை நீரில் அலசி, சுண்ணாம்பை நீர்த்த அமிலத்தில் நீக்கிய பிறகே அளக்க வேண்டும். முடிந்தால் உழவு படாத ஆழத்திலிருந்து எடுங்கள்.

அரைக்கும் கருவியும் பொய் சொல்லும். டங்ஸ்டன் கார்பைடு கலத்தில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் மாதிரியில் ஏறிவிடும்.

அரிப்பின் வேகத்தை அறிய பெரிலியம்-10 அளப்பது இன்று பரவலான முறை. விண்வெளிக் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பில் படும்போது தாதுக்களில் உண்டாகும் அணுவகை அது. அது பெரும்பாலும் குவார்ட்ஸில் அளக்கப்படுவதால் பசால்ட் தீவுகளில் எளிதில் பயன்படாது. அங்கே பசால்ட்டில் உள்ள ஆலிவின் தாதுவில், அதேபோல் உண்டாகும் ஹீலியம்-3 பார்க்கிறார்கள். நமக்குக் குவார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிடைக்கும் விடை மேல்நிலத்து மலைகளும் பீடபூமியும் நெடுங்காலமாகத் தேய்ந்த சராசரி வேகம். டெல்டா என்பது மண் வந்து படியும் இடம். 'கும்பகோணத்தில் நிலம் இவ்வளவு வேகத்தில் அரிக்கப்படுகிறது' என்று அந்த எண்ணைக் காட்டி எழுதுவது பெரும் பிழை. பூம்புகார், தரங்கம்பாடி கரையைக் கடல் விழுங்கும் கதைக்கும் இந்த எண் உதவாது. அதற்குப் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்துக் கரைக்கோட்டை ஒப்பிட வேண்டும்.