பலூனையும் காற்றடிக்கும் சாமான்களையும் விமானத்தில் கொண்டுபோவது எப்படி?

சாமத்திய வீடு, முதல் பிறந்தநாள், அறுபதாம் கலியாணம் என்று எதை எடுத்தாலும் இப்போது திருகோணமலையில் பலூன் வளைவு இல்லாத மேடையைப் பார்ப்பது கஷ்டம். அந்தப் பலூன்களில் எத்தனையோ லண்டனில் இருந்தோ டொரன்டோவில் இருந்தோ யாராவது ஒரு மாமியின் சூட்கேசில் வந்து சேர்ந்தவை. மறுபக்கம், சென்னையில் இருக்கிற பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு இங்கிருந்து அலங்காரச் சாமான் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களும் உண்டு. மேடை அலங்காரம் செய்கிற என்னிடம் இவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை பிளேனில் விடுவாங்களா?"

காற்று இல்லாமல் கொண்டுபோகலாம். காற்றோடு கொண்டுபோகக் கூடாது. சிலிண்டரில் அடைத்த வாயுவை எந்தப் பையிலும் வைக்க முடியாது. அடிப்படை இவ்வளவுதான். ஆனால் பலூனோடு சேர்ந்து வருகிற சின்னச் சின்னச் சாமான்களில்தான் பலர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேலே போனால் காற்று என்ன செய்யும்?

இதைப் புரிந்துகொண்டால் மிச்ச விதிகளைப் பாடமாக்கத் தேவையில்லை.

இங்கிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும், வீட்டில் வாங்கிய சிப்ஸ் பைக்கற் அங்கே போய்ச் சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. பைக்கற்றுக்குள் இருப்பதோ திருகோணமலைக் கடற்கரையில் அடைபட்ட காற்று. வெளியே இருந்து அழுத்துவது குறைந்ததும் உள்ளே இருப்பது விரிகிறது.

பெரிய விமானம் 10,000 மீட்டருக்கு மேலே பறந்தாலும், பயணிகள் இருக்கிற கூடத்துக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கிற அளவுக்கு ஏற்றுவதில்லை. ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற அழுத்தம்தான் உள்ளே இருக்கும். அதாவது, சீட்டில் இருக்கிற நீங்கள் நுவரெலியாவுக்கும், இலங்கையின் ஆக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சிக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறீர்கள். தரையில் 3 பங்கு இடம் பிடித்த காற்று, 2,400 மீட்டரில் 4 பங்கு இடம் கேட்கும். பொதிகள் போகிற கீழ் அறையிலும் இதே அழுத்தம்தான். ஆகவே, "சூட்கேசுக்குள் போட்டால் வெடிக்காதுதானே?" என்ற கணக்கு சரிவராது.

ரப்பர் பலூன் இழுபடும் என்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மினுமினுக்கிற ஃபொயில் பலூன் இழுபடாது. முட்ட ஊதிய ஃபொயில் பலூன் என்றால் ஒட்டிய தையலில் கிழிந்துவிடும். சின்னதாகக் கிழிந்தால் பலூன்தான் நட்டம். டமார் என்று வெடித்தால், மூடிய கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில், அது என்ன சத்தம் என்று யாருக்கும் தெரியாது. விமானப் பணியாளர்கள் ஊதிய பலூனைக் கண்டதும் காற்றை இறக்கச் சொல்வதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

படி 1: எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள்

பொதி கட்ட முதல் ஒரு பாயை விரித்து, கொண்டுபோக நினைக்கிற சாமான் எல்லாவற்றையும் வெளியே கொட்டுங்கள். "பலூன் செட்" என்று விற்கிற பெட்டியையும் பிரித்துப் பாருங்கள். பெட்டிக்குள் பலூன் மட்டும் இருக்காது. பம்பு, ஒட்டுப் புள்ளி, ரிபன், ஊசி, சில வேளை பட்டாசுக் குழாய்கூட இருக்கும். வாயு, பேட்டரி, நெருப்பு ஆகிய மூன்றோடு சம்பந்தப்பட்ட எதையும் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் பெரும்பாலும் கவலை இல்லாத சாமான்.

படி 2: ஹீலியம் சிலிண்டரை மறந்துவிடுங்கள்

வெளிநாட்டுக் கடைகளில் ஹீலியம் சிலிண்டரும் 30 பலூனும் ஒரே பெட்டியில் அழகாக அடுக்கி விற்கிறார்கள். அதைப் பார்த்ததும் ஊருக்குக் கொண்டுபோவோம் என்று ஆசை வருவது இயல்பு. அது நடக்காது. அழுத்தி அடைத்த வாயு ஆபத்தான பொருள் என்ற பட்டியலில் வருகிறது. அப்படியான பொருட்களுக்குக் கொடுக்கிற ஐ.நா. எண்கூட ஹீலியத்துக்கு இருக்கிறது, 1046. கைப்பையிலும் கூடாது, கவுண்டரில் ஒப்படைக்கிற செக்கின் பொதியிலும் கூடாது. பாவித்து முடித்த சிலிண்டரையும் விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே எதுவும் இல்லை என்று ஸ்கேனர் முன்னால் நின்று நிரூபிக்க உங்களால் முடியாது.

வாயு நிரப்பி மிதக்கிற பலூனும் அப்படித்தான். கட்டுநாயக்கவில் உறவுக்காரரை வரவேற்க வாங்கிய பலூனை, இன்னொருவர் தன் அடுத்த விமானத்துக்குள் கொண்டுபோகப் பார்ப்பதுண்டு. வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

ஆகவே ஹீலியத்தைப் போகிற ஊரில் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். வாங்கும்போது அது ஹீலியம்தானா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவு என்பதற்காக ஹைட்ரஜன் அடைத்து விற்கிறவர்களும் உண்டு. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி எரிகிற கேக் மேசைக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. உண்மையைச் சொன்னால், திருகோணமலை விழாக்களுக்கு எனக்கு ஹீலியம் அவ்வளவு பிடிப்பதில்லை. சாதாரண அளவு ரப்பர் பலூனில் அது ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. காற்றடித்து வளைவாகக் கட்டினால் மேடை இன்னும் நிறைவாகவும் இருக்கும், செலவும் குறையும்.

படி 3: ஊதிய ஃபொயில் பலூனை மடித்து எடுங்கள்

எண் வடிவத்தில், எழுத்து வடிவத்தில் வருகிற பெரிய ஃபொயில் பலூன்களைத் திரும்பவும் பாவிக்கலாம். ஒரு பிள்ளையின் "1" அடுத்த மாதம் சென்னையில் இன்னொரு பிள்ளைக்குப் போகலாம். ஆனால் கத்தரிக்கோலால் வெட்டிக் காற்றை இறக்குகிறவர்களே அதிகம். அது தேவையில்லை.

சோடா குடிக்கிற ஸ்ட்ரோ ஒன்றை எடுங்கள். பலூனின் வாலில், காற்றடித்த வாயைத் தேடுங்கள். அதற்குள் இரண்டு மெல்லிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று திரும்பி வராமல் தடுப்பது அவைதான். ஸ்ட்ரோவை அந்தத் தாள்களுக்கு இடையில் மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விடுங்கள். விரலளவு போனதும் ஒரு தடங்கல் தெரியும். அதையும் தாண்டினால் "உஸ்" என்று காற்று வரத் தொடங்கும். இப்போது வாலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு வாருங்கள். அவசரப்பட்டு அமத்தினால் தையல் விடும். கடைசியில் ஸ்ட்ரோவை உருவிவிட்டு, கடையில் வாங்கும்போது இருந்த அதே மடிப்பில் மடித்து, ஒரு பொலித்தீன் பையில் போடுங்கள். ஒரு கொப்பிக்குள் வைக்கலாம் போல் தட்டையாகிவிடும். இதைக் கைப்பையிலும் கொண்டுபோகலாம்.

ரப்பர் பலூனை ஒருமுறை ஊதினால் அவ்வளவுதான். ஊதாத புதுப் பைக்கற்றாகவே கொண்டுபோங்கள். வெயிலில் நிற்கிற வேனில் அதை விடாதீர்கள். சூடு பட்டால் ரப்பர் ஒட்டிப்பிடித்து, ஊதும்போது வெடிக்கும். திருகோணமலையில் இருந்து கட்டுநாயக்கவுக்கு ஆறு மணித்தியாலப் பயணம், சாப்பாட்டுக்கு ஹபரணையிலோ தம்புள்ளையிலோ நிற்பாட்டினால் உச்சி வெயில். பலூன் பையை உங்களோடு இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 4: பம்பைப் பாருங்கள்

கையால் அடிக்கிற பிளாஸ்டிக் பம்பு பிரச்சினையில்லை. செக்கின் பொதியில் போட்டுவிடுங்கள்.

வயர் போட்டு ஓடுகிற இரட்டை வாய் மின்பம்பும் கொண்டுபோகலாம். ஆனால் கனடாவில் இருந்து வருகிறவர்கள் வாங்க முதல் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். 120 மட்டும் என்று எழுதியிருக்கிற பம்பை இங்கே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். லண்டனில் வாங்கியது என்றால் அந்தப் பயம் இல்லை.

சார்ஜ் போடுகிற பம்பு என்றால் அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதைக் கைப்பையில், நிறுத்தி வைத்து, சுவிட்ச் தானாக அழுந்தி ஓடாதபடி கொண்டுபோங்கள். தனியாக இருக்கிற மேலதிக பேட்டரியும் பவர் பேங்கும் செக்கின் பொதிக்குள் போகவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். கீழ் அறையில் தீப்பிடித்தால் யாரும் போய் அணைக்க முடியாது என்பதுதான் காரணம். அளவு 100 வாட் மணித்தியாலம் வரை பொதுவாக அனுமதி. கணக்குச் சுலபம்: 20,000 மில்லி அம்பியர் மணித்தியாலம் என்றால் 20 ஐ பேட்டரியின் வோல்ட் அளவான 3.7 ஆல் பெருக்குங்கள், 74 வாட் மணித்தியாலம் வருகிறது. ஆகவே போதும். 100 க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

பலூனுக்குள் மினுங்குகிற குட்டி விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். அதன் பிளாஸ்டிக் தாளை இழுக்காமல் அப்படியே வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள், அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

படி 5: வீட்டில் விட்டுவிட வேண்டியவை

மத்தாப்பு, கேக்கின் மேல் பொறி பறக்கிற குழாய், நூலை இழுத்தால் வெடிக்கிற பட்டாசு, திருகினால் காகிதத் துண்டு பறக்கிற வாயுக் குழாய், நுரை ஸ்பிரே. இவை எந்தப் பையிலும் கூடாது. "சின்னதுதானே" என்று மாமா சொல்வார். கேட்காதீர்கள்.

சாதாரண மெழுகுவர்த்தி, ரிபன், காகித மாலை, ஒட்டுப் புள்ளி எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். கத்தரிக்கோலைச் செக்கின் பொதியில் போடுங்கள். பலூன் பளபளக்கப் பூசுகிற திரவம் கைப்பையில் என்றால் பொதுவாக 100 மில்லிலீட்டர் போத்தலுக்கு மேல் கூடாது.

படி 6: கடற்கரைச் சாமான்கள்

நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் வளையம், காற்று மெத்தை, பந்து என்று கொண்டுவருகிறார்கள். எல்லாவற்றிலும் காற்றை முழுதாக இறக்கி, மூடியைத் திறந்தபடியே மடித்துச் செக்கின் பொதியில் வையுங்கள். கால்பந்தையும் ஊசி போட்டு இறக்குங்கள்.

திரும்பிப் போகும்போது மடிக்க முதல் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, உள்மடிப்புகளில் கொஞ்சம் பவுடர் தூவுங்கள். உப்போடு மடித்தால் அடுத்த முறை பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு கிழியும். காற்றடிக்கிற வாயில் ஒரு மணல் துகள் நின்றாலே காற்று கசியும், அதனால் அந்த இடத்தைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

கயிற்றை இழுத்தால் தானாக ஊதிக்கொள்கிற உயிர்காப்பு அங்கி தனி விஷயம். அதற்குள் கார்பன் டை ஒக்சைட் வாயுக் குப்பி இருக்கிறது. அங்கியில் பொருத்தியவை இரண்டு, மேலதிகமாக இரண்டு குப்பி வரை கொண்டுபோகலாம் என்பது சர்வதேச விதி. ஆனால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கவுண்டருக்குப் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும்.

கழுத்துத் தலையணையை உள்ளே போய் ஊதலாம். முக்கால் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். ஏறுவதற்கு முன் முட்ட ஊதினால் மேலே போனதும் கல்லாகிவிடும், கழுத்து நோகும். பிள்ளை கால் நீட்டிப் படுக்க சீட்டுக்கு முன்னால் வைக்கிற காற்று மெத்தையைச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. வாங்க முதல் கேளுங்கள்.

படி 7: விமான நிறுவனத்திடம் என்ன கேட்பது?

"பலூன் கொண்டுவரலாமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்கள் மனதில் ஊதிய பலூன்தான் வருகிறது. "ஊதாத பலூன் இத்தனை பைக்கற், பேட்டரி இல்லாத மின்பம்பு ஒன்று" என்று சாமானைச் சொல்லிக் கேளுங்கள். வாயுக் குப்பியோ பெரிய பேட்டரியோ இருந்தால் எழுத்தில் பதில் வாங்கி, போனில் படமாக வைத்திருங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பொதியின் நிறையையும் கேளுங்கள், அங்கே பறக்கிற சிறிய விமானங்களில் இடம் குறைவு. கடைசி முடிவு பரிசோதனையில் நிற்கிற அலுவலருடையது. அவர் ஒன்றை எடுக்கச் சொன்னால் விவாதிக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பலூனைவிட விமானம் முக்கியம்.

படி 8: இறங்கிய பிறகு

வளைவுக்குத் தேவையான பலூன்களை விழாவுக்கு முதல் நாள் இரவு, வெயில் படாத அறையில் ஊதுங்கள். ரப்பர் பலூனை முட்ட ஊதாமல் கொஞ்சம் தளர விடுங்கள். பகலில் மண்டபம் சூடாகும்போது அது விரிய இடம் வேண்டும். ஃபொயில் பலூனில் தையலோரம் இரண்டு மூன்று சுருக்கம் தெரிகிற அளவோடு நிறுத்துங்கள். வெடித்த ரப்பர்த் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்குங்கள், குழந்தைகள் வாயில் போட்டு மூச்சு அடைத்துவிடும்.

கடற்கரையில் கொண்டாடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பலூனைக் கடல் பக்கம் பறக்க விடாதீர்கள். போன பலூன் எங்கேயோ ஓரிடத்தில் தண்ணீரில்தான் விழும். கடலாமைகள் அதைச் சொறிமுட்டை (ஜெலி மீன்) என்று நினைத்து விழுங்குகின்றன. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளில் ரிபன் சிக்கினால் அதை எடுக்க யாரும் வரப்போவதில்லை. விழா முடிந்ததும் ரிபனை வெட்டித் தனியே எடுங்கள், ரப்பர் பலூனை ஊசியால் குத்திக் குப்பைப் பையில் கட்டுங்கள், ஃபொயில் பலூனை ஸ்ட்ரோ விட்டு மடித்துச் சூட்கேசில் போடுங்கள்.