வீட்டிலேயே பைக் ஆயில் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பைக்கில் எஞ்சின் ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடிக்க வேண்டும், போல்ட்டைத் திரும்ப மாட்டிப் புது ஆயிலை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் இதில் எஞ்சினையே கெடுக்கும் தவறுகள் நடக்கின்றன. நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வருபவை அல்ல. வண்டிக்கு நல்லது என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வதால் வருபவை. கூடுதல் இறுக்கம், கூடுதல் ஆயில், கூடுதல் கெட்டி, கூடுதல் சுத்தம்.

முதலில் இறுக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே நடந்தது. அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு முதல் தடவை நானே ஆயில் மாற்றினேன். எங்கே ஒழுகிவிடுமோ என்ற பயத்தில், 17 நம்பர் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி நெம்பி முறுக்கினேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அடுத்த தடவை கழற்றியபோது போல்ட்டோடு சேர்ந்து அலுமினியச் சுருளும் வெளியே வந்தது. போல்ட் ஏறும் மரை மொத்தமாகப் போய்விட்டது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புது மரை வைத்துக் கொடுத்தார்கள். அதுவரை இரண்டு நாள் அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

காரணம் எளிது. போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் கேஸ்தான். ஆயில் ஒழுகாமல் காப்பது இறுக்கம் மட்டும் அல்ல, போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரும்தான். செம்பு அல்லது அலுமினியத்தாலான அந்த வாஷர் நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மறுமுறை அதே அளவு நசுங்காது. அதனால் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள், விலை மிகக் குறைவு. போல்ட்டை முதல் நான்கைந்து சுற்று கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கத்துக்கு ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வழுக்கிப் போல்ட்டின் தலையை உருட்டிவிடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால், வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்து நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பழைய ஆயிலை வடிப்பதற்கு முன்பே, மேலே ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்து முடித்த பிறகு மூடி திறக்கவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியை மெக்கானிக் கடை வரை தள்ளித்தான் போக வேண்டும்.

இனி ஆயிலின் அளவு. கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்குகிறோம், மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் ஊற்றிவிடுகிறோம். எஞ்சினை முழுதாகப் பிரித்து மாட்டும்போது ஊற்ற வேண்டிய அளவு வேறு, வடித்து மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு வேறு. எவ்வளவு நேரம் வடித்தாலும் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் தங்கியே இருக்கும். அதனால் 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு இரண்டாவது அளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களுக்கு இன்னும் குறைவு. அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை சரியாக மசகு தராது. உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும், சீல் வழியாகக் கசியும். வண்டி வேகம் எடுக்கவும் சிரமப்படும்.

அளவைப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் தப்பான கணக்குதான் வரும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க அதே அளவு நேரம் விட்டுப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் ஆயில் அதிகம் இருப்பதுபோலத் தெரியும். எஞ்சினில் ஆயில் அளவு தெரியும் சின்னக் கண்ணாடி வைத்த வண்டி என்றால், வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எந்த ஆயில் என்பதில் இரண்டு தவறுகள். ஒன்று, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்ற நம்பிக்கை. பாட்டிலில் இருக்கும் 10டபிள்யூ-30 போன்ற எண்கள் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்பவை. 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது மேல் பாகங்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான். மைலேஜும் குறையும். இரண்டாவது, கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவது. காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியருக்கு வேறு ஆயில். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்திருப்பார்கள். கிளட்ச்சோ உராய்வால் வேலை செய்வது, அது வழுக்க ஆரம்பிக்கும். இதற்காகத்தான் ஜப்பானில் ஜாசோ என்ற தரக்குறியீடு வந்தது. பாட்டிலின் பின்பக்கம் எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று இருக்கும். எம்ஏ வகைகள் ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு. கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு எம்பி. சில கம்பெனிகள் தங்கள் பைக்குக்கே எம்பி சொல்வதும் உண்டு, அதனால் கையேட்டில் இருப்பதே கடைசிச் சொல்.

ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, கழுவிப் போடும் வலைதான். பல்சர், புல்லட் போன்றவற்றில் பேப்பர் ஃபில்டர் உண்டு. அதைத் திருப்பி மாட்டினால் ஆயில் போகும் வழி அடைபட்டு, எஞ்சின் உள்ளே இறுகிச் சுழலாமல் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம், ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே என்பதும் அதில் பதிவாகிவிடும்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி எஞ்சினைக் கழுவும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது முழுதாக வெளியே வராது, உள்ளே தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். நன்றாக வடிய வேண்டும் என்றால் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு கைவைத்தால் ஆயிலும் சைலன்சரும் கையைப் பொசுக்கிவிடும்.

ஆயில் கறுத்ததும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, கறுக்கத்தான் செய்யும். கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் கையேட்டில் சொன்ன மாதக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டிய நிறம் பால் விட்ட காபி போன்றது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் வண்டி மூழ்கியவர்களுக்கு இது நினைவிருக்கும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, முதலில் ஆயிலை வடிக்க வேண்டும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. நிலத்தில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும். செயினுக்கும் விடாதீர்கள், அதிலிருக்கும் உலோகத் துகள் செயினைத் தேய்த்துவிடும். பழைய கேனில் சேர்த்து, அருகிலுள்ள மெக்கானிக் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பழைய ஆயில் எடுப்பவர்கள் அங்கே வருவார்கள். வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், பழைய ஆயில் தோலுக்கு நல்லதல்ல. காலியான புது ஆயில் பாட்டிலை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கத்தியால் கீறிப் போடுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அந்தப் பாட்டில்தான் தேவை.

வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால், வீட்டில் கைவைப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். மற்றவர்கள், ஆயில் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் உடனே முறுக்க வேண்டாம், முதலில் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.