துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு ரெட் ஒயின்: முதல் மூன்று பாட்டில்கள்

கிருஷ்ணகிரியில் மாந்தோப்புக்கும் புளிய மரத்துக்கும் நடுவே வளர்ந்தவன் நான். முப்பது வயது தாண்டும் வரை ஒயின் என்றால் எனக்குத் தெரிந்தது ‘ஒயின் ஷாப்’ என்ற பலகை மட்டும்தான். அந்தக் கடையில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் விற்றார்கள். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மச்சான் வீட்டில்தான் முதல் ரெட் ஒயின். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

“என்ன மச்சான், கடுக்காயைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு?”

அவன் சிரித்தான். ஆனால் அது சரியான விமர்சனம் என்பது கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. ஒயின்காரர்கள் ‘டானின்’ என்று பெரிதாகப் பேசுவதை நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்து, துவர்ப்பு என்று பெயரும் கொடுத்துவிட்டோம். வாழைப்பூவும் நாவல்பழமும் தின்று பழகிய நாக்குக்கு ரெட் ஒயினில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. அதை வைத்துத்தான் இந்தச் செய்முறை.

தொடங்கும் முன் சில வார்த்தைகள். 21 வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், மாத்திரையில் இருப்பவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு இது இல்லை. ‘இதயத்துக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஆரம்பிக்கவும் வேண்டாம். ஒயினில் 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. பழரசம் என்று நினைத்துக் குடித்தால் தலை சுற்றும்.

படி 1: ஒயின் வாங்காமலே நாக்கைத் தயார் செய்யுங்கள்

இதற்கு நூறு ரூபாய்கூட ஆகாது. கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சதைக்கு நிறமே இருக்காது. கருநிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. ரெட் ஒயின் சிவப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்து ஊறவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள். இப்போது சதையை மட்டும் தின்னுங்கள், இனிப்பு. தோலைத் தனியாக மெல்லுங்கள், லேசான துவர்ப்பு. விதையைக் கடித்தால் ஈறு வரைக்கும் இழுக்கும்.

அடுத்து மூன்று டம்ளர். ஒன்றில் உப்பு போடாத நீர்த்த புளித்தண்ணீர், இன்னொன்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்ட வெறும் டீ டிக்காஷன், மூன்றாவதில் லேசான சர்க்கரைத் தண்ணீர். புளித்தண்ணீர் குடித்ததும் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும். டிக்காஷன் அதற்கு நேர் எதிர், வாய் வறண்டு கன்னத்தின் உள்பக்கம் சொரசொரப்பாகும். எச்சிலில் உள்ள புரதத்தைத் துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது. பலர் புளிப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் சேர்த்து ‘கசக்குது’ என்பார்கள். எச்சில் ஊறினால் புளிப்பு, வாய் வறண்டால் துவர்ப்பு. இது ஒன்று பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் அந்த டிக்காஷனில் இரண்டு ஸ்பூன் பால் விட்டுக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு அடங்கிவிடும். பால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டது. இதை நினைவில் வையுங்கள், படி 6-இல் தேவைப்படும்.

படி 2: மூன்று விலையில் மூன்று பாட்டில்

ஒரே ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தால் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலாவது, ஆயிரம் ரூபாய்க்குள் ஓர் இந்திய ஷிராஸ் அல்லது ஷிராஸ்–கேபர்னே கலவை (இரண்டும் திராட்சை ரகங்களின் பெயர்). நாசிக்கின் சூலா, நந்தி மலைப் பக்கத்து குரோவர் என்ற நிறுவனங்கள் இந்த ரகம் செய்கின்றன. இரண்டாவது, 1,200 முதல் 1,800 வரை, இந்திய நிறுவனங்கள் ‘ரிசர்வ்’ என்று பெயரிட்டு விற்கும் உசத்தி வரிசை. குரோவரின் லா ரிசர்வ், கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் கலந்து பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் வைத்தெடுத்தது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் இருக்கும் ஃபிராட்டெல்லி, சாஞ்சியோவேசே என்ற இத்தாலியத் திராட்சையில் செய்கிறது. மூன்றாவது, 2,000-க்கு மேல் வெளிநாட்டு ஒயின் ஒன்று, சிலியோ ஆஸ்திரேலியாவோ. விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மது ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வோர் அரசும் தன் வரியைப் போடுகிறது.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்று. வெளிநாட்டு ஒயினுக்குப் பொதுவான சுங்க வரி 150 சதவீதமாக இருந்துவந்தது. அந்த விகிதத்தில், வெளிநாட்டில் 400 ரூபாய் மதிப்புள்ள பாட்டில் துறைமுகத்திலேயே ஆயிரம் ஆகிவிடும், அதற்கு மேல் மாநில வரி, கடைக்காரர் லாபம். (ஆஸ்திரேலியாவுடன் போட்ட ஒப்பந்தத்தால் 2022 டிசம்பர் கடைசியிலிருந்து அந்நாட்டு ஒயினில் விலை கூடியவற்றுக்கு வரி குறைந்தது.) ஆக, 2,000 ரூபாய் இறக்குமதி பாட்டில் பல சமயம் அந்த ஊரில் தினப்படி ஒயின்தான். அதே காசில் இந்திய ஒயின் வாங்கினால் அந்தத் தோட்டத்தின் நல்ல சரக்கே கிடைக்கும். கையில் 1,500 இருந்தால் நான் இந்திய ரிசர்வ்தான் வாங்குவேன்.

ரொம்பக் குறைந்த விலையில் ‘போர்ட்’ என்று எழுதிய இனிப்பு ஒயின் கண்ணில் படும். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் அசல் போர்ட்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. பாட்டிக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாம். ருசி பழக வேண்டாம்.

தமிழ்நாட்டில் என்றால் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் தேடுங்கள். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டினால் விலை குறைவு என்று அனுமதியில்லாமல் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது மதுவிலக்குச் சட்டத்தில் போய் நிற்கும். நாங்கள் மச்சான் வீட்டிலேயே திறந்து, அங்கேயே தூங்கி, மறுநாள் பஸ்ஸில் ஊர் திரும்புகிறோம். கடையில் வெயில் படும் ஜன்னலோரத்தில் நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். திருகுமூடி போட்டிருந்தால் மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம், நம் வெயிலுக்கு அது நல்லது.

படி 3: குளிர வையுங்கள்

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற அறிவுரை ஐரோப்பியக் கல்வீட்டுக்குச் சொன்னது. ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். மே மாதத்துக் கிருஷ்ணகிரி அறை அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு முறை, உறவினர் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பாட்டிலை ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்துவிட்டு இரண்டு மாதம் மறந்துபோனேன். தக்கை அரை விரற்கடை மேலே எழும்பியிருந்தது. உள்ளே இருந்தது காய்ச்சிய ஜாம்.

ஃபிரிட்ஜுக்குள் சுமார் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஓசூர் குளிருக்கு அவ்வளவு வேண்டாம். கரண்ட் இல்லையா? பாட்டிலில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மண்பானை வித்தைதான். சூடான ஒயினில் சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறும். மிகவும் குளிர்ந்தால் வாசனை அடைத்து, துவர்ப்பு முரடாகும்.

படி 4: ஊற்றி, மோந்து, உறிஞ்சி

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வயிறு பெருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் எதுவானாலும் சரி. ஐம்பது மில்லி மட்டும் ஊற்றுங்கள். ஆறு பேர், மூன்று பாட்டில் என்றால் ஆளுக்கு மொத்தம் 150 மில்லிதான் போகும். 900, 1,500, 2,200 என்று வாங்கியிருந்தால் தலைக்கு 770 ரூபாய்க்குள் முடிந்துவிடும், பாதிக்கு மேல் மிச்சமும் இருக்கும்.

கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். பாட்டிலின் பின்பக்கம் பிளாக்பெர்ரி, செடார் என்று எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். நாம் தின்னாத பழத்தையும் பார்க்காத மரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? நாவல், செங்காய்ப் புளி, பேரீச்சை, கருப்பட்டி, ஏலக்காய், மழை விழுந்த மண் என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். ஷிராஸில் மிளகு வாசம் வருவது கற்பனை இல்லை. மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள் இந்தத் திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே தெரியாது. எங்கள் கூட்டத்தில் அந்த ஒருவர் மாமா. “மிளகு எங்கடா இருக்கு, எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா?” என்று இன்றுவரை கேட்கிறார். கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வந்தால் அதற்கும் இரண்டிலும் பொதுவான பொருள் உண்டு.

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றமோ காடி நெடியோ அடித்தால் பாட்டில் கெட்டது. உங்கள் ரசனையில் குறையில்லை.

ஒரு வாய் எடுத்து, கொப்பளிப்பதுபோல் வாய் முழுக்கப் பரப்புங்கள். எச்சில் ஊறுகிறதா, வாய் வறள்கிறதா, இனிப்பு இருக்கிறதா, விழுங்கியபின் எத்தனை நொடி ருசி நிற்கிறது? நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விழுங்காமல் துப்பியும் பார்க்கலாம், தொழில்முறை ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வெற்றிலை போட்ட பரம்பரைக்குக் காளாஞ்சி புதிதா என்ன?

படி 5: விலையை மறையுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. மூன்று பாட்டிலுக்கும் செய்தித்தாள் சுற்றி அ, ஆ, இ என்று எழுதுங்கள். சுற்றியவர் ஊற்றக் கூடாது. எது விலை கூடியது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளை அலசிய ஓர் ஆய்வில், பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினுக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண்ணே போட்டிருந்தார்கள். எங்கள் முதல் சுவைப்பில் ஆறு பேரில் நான்கு பேர் 900 ரூபாய் ஷிராஸைத்தான் உசத்தி என்று எழுதினோம். 2,200-க்குக் காசு போட்ட மச்சான் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

படி 6: சாப்பாடு

ருசி பார்க்கும்போது உப்பில்லாத பொரி மட்டும். பிறகு இலை போடுங்கள். பால் விட்ட டிக்காஷன் ஞாபகமிருக்கிறதா? கறி, பனீர் இரண்டும் அதே வேலையைச் செய்யும், துவர்ப்பான கேபர்னே மெதுவாகிவிடும். மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ். ராயக்கோட்டைத் தக்காளியில் தொக்கு செய்தால் புளிப்பான சாஞ்சியோவேசே அதற்கு ஈடுகொடுக்கும். ராகிக்களிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் ஒயின் தேடாதீர்கள், மீனும் ரெட் ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்பு ருசி வரலாம். களிக்கு மோர்தான். பச்சைமிளகாய்க் காரமும் ஆகாது, ஆல்கஹால் அதைத் தூக்கிவிடும்.

மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நோட்டில் ‘வாய் வறண்டது’ என்று எழுதியிருந்தால் அடுத்த முறை துவர்ப்பு குறைந்த மெர்லோ அல்லது பினோ நுவார் ரகம் வாங்குங்கள். ‘சப்பென்று இருந்தது’ என்றால் கேபர்னே. மாமா தன் தாளில் மூன்றுக்கும் நேராக ஒரே வரி எழுதியிருந்தார்: “மிளகு இல்லை.”