ஓவியம் படலையைத் தாண்டும்போது: இளம் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கடந்த மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையில், பட்டப்படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகாத இரு ஓவியர்கள் கொழும்புக்குப் புறப்படும் வான் ஒன்றில் தங்கள் ஓவியங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 11 ஓவியங்கள் என்றார்கள். பழைய சேலைகளால் சுற்றி, சணற் கயிற்றால் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் ஏற்றினார்கள். ஆனால் எவை போகின்றன, யாருடைய பொறுப்பில் போகின்றன, எப்போது திரும்பும் என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசிகூட எந்தத் தரப்பிடமும் இருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கேட்டால் குறை நினைப்பினம், சேர்" என்றார் ஒருவர். 2012இல் நான் சொன்ன அதே வசனம்.

தூரிகையைக் கழுவி வையுங்கள், மலிவான நிறங்களை வாங்காதீர்கள் என்பவற்றைச் சித்திர ஆசிரியர்கள் பாடசாலையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நான் எழுத விரும்புவது ஓவியம் முடிந்த பின்னர் நிகழும் தவறுகளைப் பற்றியே.

கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பிரேம் போடுதல்

எங்கள் ஊர்ப் பிரேம் கடைகளின் அன்றாட வேலை சுவாமி படங்களும் கலியாணப் படங்களும் அந்தியேட்டிக்கு வைக்கும் படங்களுமே. ஆகவே படத்தைப் பின்பலகையில் பசை பூசி ஒட்டி, கண்ணாடியை அதன்மேல் நேரடியாக அழுத்திவிடுவது அங்கே பிழையல்ல, வழக்கம். நீர்வர்ண ஓவியமொன்றை அப்படிச் செய்ய விட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, கடதாசி நெளிந்து, கண்ணாடியைத் தொடும் இடங்களில் பூஞ்சணம் பிடிக்கும். சில வேளை நிறமே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி தருமாறு அமிலமற்ற மட்டையில் நடுவே வெட்டிய உட்சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை, பக்கத்தில் நின்றே வேலையை முடிப்பியுங்கள். பின்புறத்தைப் பழைய பத்திரிகைத் தாளால் நிரப்பவும் விடாதீர்கள், ஏனெனில் அத்தாளின் அமிலம் காலப்போக்கில் ஓவியக் கடதாசியையும் பழுப்பாக்கிவிடும்.

எழுத்தில்லாமல் ஓவியத்தைக் கையளித்தல்

போர் முடிந்து ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின், வடக்கில் என்ன வரைகிறார்கள் என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2012இல் அவ்வாறு வந்த கண்காட்சி அமைப்பாளர் ஒருவர் எனது ஏழு மைக்கோட்டு ஓவியங்களைத் தெரிந்தெடுத்தார். எல்லாமே கிணறுகள்: துலா முறிந்தவை, கப்பி மட்டும் மிஞ்சியவை, கட்டுக்குள்ளிருந்து ஆலங்கன்று முளைத்தவை. பற்றுச்சீட்டுப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "தம்பி, எங்களுக்குள்ள என்ன எழுத்து?" என்று அவர் முந்திக்கொண்டார். அம்மா கொண்டுவந்து வைத்த தேநீரை அவர் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது.

பதினான்கு மாதங்களின் பின் ஐந்து ஓவியங்கள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றின் மேல்மூலையில் மண்ணிறப் புள்ளிகள். தங்களுக்கு வந்தது ஐந்துதான் என்றார்கள். புள்ளிகள் வரும்போதே இருந்தன என்றார்கள். பொதியைப் பொறுப்பேற்றவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். அமைப்பாளர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவிருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளின் பின்னும் எனக்கு எரிச்சலூட்டுவது அதுதான்: அவர் ஏமாற்றியிருந்தால் கோபத்தைக் காட்ட ஓர் ஆளேனும் இருந்திருப்பார்.

காணாமற்போன கிணறுகளில் ஒன்றை 2017இல் மீண்டும் கண்டேன். கொழும்பு வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டு விறாந்தையில், தொலைக்காட்சிக்கு மேலே அது தொங்கியது. பிரேம் போட்டவர் அடியோரத்தை வெட்டியதில் எனது கையொப்பத்தின் மேற்பாதி மட்டும் தெரிந்தது. வரைந்தவன் நான் என்று அறிந்ததும் வீட்டுக்காரர் மிகவும் மகிழ்ந்து, கோப்பி போடச் சொல்லிவிட்டு, அலுமாரியைத் திறந்து, விலையும் திகதியும் கையொப்பமும் உள்ள பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். விற்றவராக அதில் இருந்தது நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். அது என்னிடமிருந்து எவ்வாறு போனது என்பதைக் காட்ட என் கையில் எதுவும் இல்லை. கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

எழுத்தின் அருமை தெரியாத ஊர் என்றால் மனம் ஆறும். வேலி ஒரு முழம் தள்ளினாலே காணி உறுதியோடு வழக்குக்குப் போகிறவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று, போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், உடுபுடைவைக்கு முன்பே பைக்குள் உறுதியை வைத்தவர்கள் பலர். ஓவியங்கள் சுவரிலேயே நின்றன. அ. மாற்கு போன்ற யாழ்ப்பாணத்து முன்னோடி ஓவியர்களின் படைப்புகள் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தன. மிஞ்சியவற்றைத் தேடுவோர் எது யாரிடம் போனது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கொழும்பில் 1993 முதல் நடைபெற்றுவரும் கலா பொல போன்ற திறந்தவெளிச் சந்தையில் ஓவியர் தாமே நின்று விற்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஓவியத்தைக் காட்சிக்கூடமொன்றிடம் ஒப்படைத்துவிட்டு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். எனவே கூடம் தரப்போகும் படிவத்துக்காகக் காத்திருக்காமல், காபன் தாள் வைத்து எழுதும் பில் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓவியத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், சென்ரிமீற்றரில் உயரமும் அகலமும், விற்பனை விலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே கூடம் எத்தனை வீதம் எடுக்கும், விற்றால் எத்தனை நாட்களில் பணம் தரும், விற்காதவை எந்தத் திகதியில் திரும்பும், போக்குவரத்துச் செலவும் சேதமும் யாருடையவை என்பவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழாத விறாந்தையில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் என்று கைப்பேசியில் படமெடுங்கள். மூலைகள் முக்கியம், சேதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கடதாசியின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஓர் இலக்கம் இடுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

கேட்பதற்குக் கூச்சமாயிருந்தால் தேநீருக்கு முன்பே புத்தகத்தை வெளியே எடுத்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அன்று அந்த வானின் பின்கதவில் வைத்தே பற்றுச்சீட்டு எழுதினோம். சாரதிக்கு ஓரளவு கோபம். கூடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட பின்னரே கையொப்பமிட்டார். கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணியபோது 12 ஓவியங்கள் இருந்தன.

விலை கேட்டவுடன் வாயில் வந்ததைச் சொல்லுதல்

வீட்டில் எழுதி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

அக்கிரிலிக் ஓவியத்தின்மேல் குமிழ்ப் பொலித்தீனைச் சுற்றுதல்

அக்கிரிலிக் படலம் வெப்பத்தில் இளகும். இரவு பஸ்ஸின் பொதியறையில் மற்றப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளை இடையில் வையுங்கள். சுருட்டத்தான் வேண்டுமென்றால், அகலமான குழாயொன்றில், நிறம் வெளிப்பக்கமாக இருக்குமாறு சுருட்டுங்கள்.

விற்றதோடு உரிமையும் போய்விட்டது என்று எண்ணுதல்

ஓவியத்தை வாங்கியவர் அந்தக் கன்வஸை வாங்குகிறார். அதைக் கலண்டரிலோ நூல் அட்டையிலோ அச்சிடும் உரிமை, எழுத்தில் கொடுத்தாலன்றி, உங்களிடமே இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். எங்கள் ஊரில் இதை நினைவுபடுத்த வேண்டிய இடம் பெரும்பாலும் நூல் வெளியீடுகளே. அட்டைப் படத்துக்கான கூலியாக மேடையில் ஒரு பொன்னாடையும் இரண்டு பிரதிகளும் கிடைக்கும். இரண்டாம் பதிப்பு வந்ததை முகநூலில் பார்த்துத்தான் அறிவீர்கள். எழுத்தாளர் நண்பரென்றால் பணம் வாங்காமலே கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அப்போதும் அதே பில் புத்தகத்தில், "முதற்பதிப்பின் அட்டைக்கு மட்டும்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.